பிடியரிசித் தகரம்

மழையில் ஊறிப் பருத்துப்போன ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் அது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் அத்தை எழுந்து அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். "எம் புள்ளைங்க இதுலதான் படிக்கிதுங்க. கூரை ஒழுவுது. மழ வந்தா அத்தினியும் ஒரு மூலையில ஒண்டிக்கினு நிக்கிதுங்க," என்றார். புத்தகத்தைப் பெண்கள் பக்கம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அது கைக்குக் கை மாறி என் அம்மாவிடம் வந்தது. அம்மா அதை முகர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் சபையார் ஜவ்வாது மலையில் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியை. ஆவடியில் ரயிலேறி வாணியம்பாடியில் இறங்கவேண்டும். அங்கிருந்து மாட்டுவண்டி, அதன்பின் மலைமேல் நடை. சாமைக்கூழும் காட்டுக்கிழங்கும் தின்று பிழைத்த சனம் அது. அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் வெளியாள் அத்தைதான். பூந்தமல்லிப் பக்கத்திலிருந்த எங்கள் கோயிலுக்குக் கோடை விடுமுறையில் மட்டும் வருவார்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகு எங்கள் சபைப் பெண்கள் பிடியரிசி எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனிப் பானைக்குப் போகும். எங்கள் வீட்டில் வயிறு நிறையாத நாட்களிலும் அம்மா அந்தப் பானையில் கை வைத்ததில்லை. அடுத்த கோடைக்குள் அந்த அரிசியை விற்று, சபை மூப்பர் பட்டணத்திலிருந்து கூரைத் தகரம் வாங்கி வந்தார். யுத்தம் தொடங்கி, தகரம் கண்ணில் படுவதே அரிதாகிக்கொண்டிருந்த காலம். "நீ மேல போ, டீச்சரம்மா. பின்னாலயே கூட்ஸுல அனுப்பி வெக்கிறேன்," என்று மூப்பர் சொன்னார். அத்தை நம்பிப் போனார்.

தகரம் போகவில்லை. ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்தின் உளுத்த உத்தரம் வகுப்பு நடக்கும்போதே முறிந்து விழுந்து ஒரு சிறுமியின் கை ஒடிந்தது. அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கூட்டிவந்தார். தூறல் வலுத்ததால் எல்லோரும் வளாகத்தில் புதிதாக முளைத்திருந்த ஒரு கொட்டகைக்குள் ஒதுங்கினோம். பளபளவென்று புதுத்தகரம். கிறிஸ்துமஸுக்கு வரப்போகும் மிஷன் பெரிய துரையின் மோட்டார்வண்டி வெயிலில் நிற்கக் கூடாதென்று மூப்பர் போட்டது. அந்தச் சிறுமி அண்ணாந்து பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டாள்: "டீச்சரம்மா, இது எந்த ஊருப் பள்ளிக்கூடம்? புள்ளைங்களே இல்லையே?"

அத்தை அவளைக் கையோடு அழைத்துப்போய் மூப்பர் முன்னால் நிறுத்தினார். மூப்பர் அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "தொர வந்துட்டுப் போவட்டும், டீச்சரம்மா. மலசனத்துக்கு ஓலக்கூர பழக்கந்தானே. ஒரு மழைக்காலம் பொறுத்துக்க மாட்டாங்களா?" பக்கத்தில் நின்ற போதகர் தன் வேதப்புத்தகத்தின் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. பழக்கமாம். ஒழுகுகிற கூரை யாருக்கு ஐயா பழக்கமாகும்?

அப்போதுதான் என் அம்மா பேசினாள். கோயிலில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தவிர வாய் திறக்காதவள். "அண்ணி, ஏணி எங்க கீது?" என்று அத்தையைக் கேட்டாள்.

மழை விட்டதும் பெண்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமையின் வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருத்தி ஆணியைப் பிடுங்க, ஒருத்தி தகரத்தைத் தாங்க, இன்னொருத்தி அடுக்கினாள். மூப்பர் போட்ட சத்தத்துக்கு ஒருவரும் திரும்பவில்லை. "எங்க ஊட்டு அரிசி, நைனா," என்று மட்டும் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நசரத்பேட்டையில் கத்தரி பயிரிடும் ஒரு குடியானவர், எங்கள் சபைக்குச் சம்பந்தமே இல்லாதவர், விஷயம் கேள்விப்பட்டுத் தன் வண்டியை ஓட்டி வந்தார். ஆவடி ஸ்டேஷனில் சரக்கை ஏற்றும்வரை கூடவே நின்றார். மலையடிவாரத்திலிருந்து பிள்ளைகளைப் பெற்றவர்கள் தகரங்களைத் தலைமேல் சுமந்து கொண்டுபோனார்கள்.

துரை வந்தார். அவருடைய மோட்டார் வெயிலில் நின்றது. அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அத்தைக்குத்தான் வேலை போயிற்று. கீழ்ப்படியாமை என்று காரணம் சொன்னார்கள். அவருக்குப் பதிலாக மேலே போன வாத்தியாருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கி, ரவிக்கை தைத்துக் காலம் தள்ளினார். சுதந்திரத்துக்குப் பிறகு நான் ஒருமுறை அந்த மலைக்குப் போனேன். தகரக்கூரை அப்படியே இருந்தது. வாசல் சுவரில், அதை உவந்து அளித்தவர் என்று மூப்பரின் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்திருந்தார்கள். திரும்பி வந்து அத்தையிடம் சொன்னேன். "கூர ஒழுவுதா?" என்று மட்டும் கேட்டார்.

அவரால் அப்படி விடமுடிந்தது. என்னால் முடியவில்லை. அத்தை இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில், சபைக்குப் புதிதாக வந்திருந்த இளம் போதகர், கையில் மண்ணை எடுத்துக்கொண்டு, "கீழ்ப்படிதலுள்ள உமது ஊழியக்காரி" என்று ஜெபத்தைத் தொடங்கினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள்.

"நிறுத்துங்க, பாதிரி ஐயரே," என்றேன். "கீழ்ப்படியலன்னுதான் இந்தச் சபை அவங்க வேலைய எடுத்துது. அத மொதல்ல சொல்லுங்க. அப்பால மண்ணப் போடுங்க."