கழுத்தில் தொங்கிய அட்டை

என் கொழுந்தன் மனைவி காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள். அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். நானும் படித்தவள்தான், நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த கல்லல் வீட்டில் அடுப்போடு கிடந்தேன்.

கல்யாணமாகிப் பல வருடமாகியும் எனக்குக் குழந்தையில்லை. அதற்கான டாக்டர் அவளுடைய ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். வீட்டில் சொல்லாமல் போனேன். கவுண்டரில் அவளே இருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வேறொரு பெண்தான் என் விவரங்களைப் பதிந்தாள். என்ன திமிர் என்று வீடு வரும்வரை பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன்.

யாரோ என்னை அங்கே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் மாமியார் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, பெரியவ அங்குட்டு எதுக்கு வந்தா? நாளைக்குக் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு."

நான் அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பாக்க மாட்டேன் அத்தை. அது அவுக சமாச்சாரம். சொல்லணும்னா அவுகளே சொல்லுவாக."

பிறகு அடுப்படிக்கு வந்து மெதுவாகக் கேட்டாள். "கோவிச்சுக்கிட்டீகளாக்கா? நான் பதிஞ்சா உங்க விஷயம் எனக்குத் தெரிஞ்சுருமேன்னுதான் எந்திரிச்சுப் போனேன்."

அட்டை மேலிருந்த பொறாமை அன்றோடு போயிற்று. இப்போது அவள்மேல்தான். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால், அவள் விவரத்தைத் திறந்து பார்த்திருப்பேன்.