வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி

எங்கள் வீடு நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் வீடு. பாரம்பரியத் தெருவாம், முன்பக்கத்தில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் நகரசபையைக் கேட்கவேண்டும். வீட்டைச் சூடாக்கும் பழைய காஸ் ஃபேர்னஸ் செத்துப்போனபோது, புகை கக்காத ஹீற் பம்ப்தான் பூட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். மின்சாரத்தில் ஓடும் பெட்டி அது. வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்ச வெப்பத்தையும் இழுத்து உள்ளே தரும். தெருவிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று அதை வீட்டுக்குப் பின்னால் வைத்தார்கள்.

அம்மா எங்களோடு இருக்கிறார். பிக்கரிங்கில் புது வீட்டில் இருக்கும் தம்பிதான், “அம்மாவை வைச்சுக்கொண்டு உந்தப் பரிசோதனை தேவையோ அண்ணை?” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒக்டோபர் முழுக்க வீடு கதகதப்பாக இருந்தது. அதைத் தம்பிக்குப் போன் எடுத்தெடுத்துச் சொன்னேன். முதல் பனி கொட்டிய கிழமை எல்லாம் தலைகீழானது. சூடு வரும் தரைத் துவாரங்களால் குளிர்காற்று வந்தது, பிறகு அதுவும் நின்றது. அம்மா இரண்டு சுவெற்றரும் கம்பளித் தொப்பியுமாக இருந்து சோறு சாப்பிட்டார். சனிக்கிழமை வந்து அவரைக் கூட்டிப்போவதாகத் தம்பி சொல்லிவிட்டான்.

ஹீற் பம்பைப் பூட்டித்தந்த மெக்கானிக்குக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவரும் எங்கள் தமிழ் ஆள்தான்.

“வெளியிலை பெட்டியைப் பாத்தனீங்களோ அண்ணை?”

“அதைப் பத்திரமாத்தான் வைச்சிருக்கிறன். பிழை உம்மடை வேலையிலை.”

சனிக்கிழமை காலை அவர் வந்தார். நேரே பின்வளவுக்குப் போனவர், “அண்ணை, ஒருக்கா இஞ்சை வாங்கோ” என்று கூப்பிட்டார். பெட்டியைச் சுற்றி நீலப் பிளாஸ்டிக் தறப்பாள். இரண்டு கயிறு. முடிச்சு என்னுடையது.

முந்தி மில்லிக்கனில் இருந்த காலம் முழுக்க, கோடையில் மட்டும் ஓடும் வெளி ஏசியைப் பனிக்கு முன்னம் தறப்பாளால் மூடிக் கட்டுவது என் வேலை. அந்தத் தெருவில் எல்லாத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான். கை பழகிவிட்டது. குளிர்காலத்தில்தான் ஓடவேண்டிய பெட்டியை, மூச்சுவிடவும் வழியில்லாமல் நானே இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

“ஏசி எண்டு நினைச்சிட்டியள் போலை,” என்றார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

தறப்பாளை அவிழ்த்துவிட்டதில், பின்னேரம் தம்பி வந்தபோது வீடு நன்றாகச் சூடேறியிருந்தது.

“இனிப் போகத் தேவையில்லை அம்மா. அந்தத் தறப்பாள்தான் பிழை” என்றேன்.

“தெரியும்” என்றார் அம்மா. “நீ கட்டேக்கை மேல் ஜன்னலாலை பாத்தனான். உள்ளை வந்தவுடனை கேட்டனான், வேலை செய்யிற சாமானை ஏன் மூடுறாய் எண்டு. உங்களுக்கு உதுகள் விளங்காது எண்டு சொன்னனி.”

சொல்லியிருப்பேன். நினைவில்லை. அவ்வளவு சாதாரணமாக நான் சொல்லும் வார்த்தை அது.

அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டார். “இப்ப குளிரில்லை. எண்டாலும் கொஞ்ச நாள் இவனோடை இருந்திட்டு வாறன். இவன் நான் சொன்னாக் கேப்பான்.”

தம்பி அம்மாவின் உடுப்புப் பெட்டியைத் தூக்கினான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கார் போனபிறகு மேலே போனேன். அம்மாவின் அறையில் சூடு நன்றாக வந்துகொண்டிருந்தது.