‘ஆகு’ என்றேன், ஏழுமலை நிற்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை நாயுடுபேட்டையிலிருந்து போன் வந்தது. ஷெட்டில் வண்டிக்கு டயர் மாட்டிக்கொண்டிருந்த ஏழுமலை நின்றபடியே செத்துப்போய்விட்டானாம். நின்றபடியே என்றதும் நம்பினேன். அவன் உட்கார்ந்து சோறு தின்றதை நாகலாபுரத்தில் நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவன் மகள் எழுதுகிறாள்.

இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எட்டு வருடம் குவைத்தில் கார் ஓட்டியவன் மூன்று மாத லீவில் வந்தான். வந்த வாரமே சித்தூரில் புது ஜீப் எடுத்தான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. கடையிலிருந்து வந்தபடியே வைத்திருந்தான், டயர்கூட மாற்றவில்லை. மலைக்குப் பின்னால் நான் காவல் இருந்த மாந்தோப்புக்கு லாரி வராது. பழத்தை ஆட்கள் தலையில் சுமந்துதான் இறக்குவார்கள். சித்தூரில் மாம்பழக் கூழ் கம்பெனிகள் புதிது புதிதாக முளைத்த காலம் அது. அந்தத் தோப்பிலிருந்து ஒரு லோடு கொண்டுவந்து காட்டினால் சீசன் முழுக்க வேலை தருகிறேன் என்று ஒரு கம்பெனி சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் திரும்பவும் குவைத்துதான். டிக்கெட் சட்டைப் பையிலேயே இருந்தது.

போக அவனுக்கு மனமில்லை. மூன்று வயது மகள் அவனைக் காட்டித் தாயிடம் கேட்டிருந்தாள்: “எம்மா, இந்த ஆளு எப்போ ஊருக்குப் போவாரு?” அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுதும்போது அவள் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டாள்.

வழி காட்ட நான் முன்னால் நடந்தேன். கல்லைக் கண்டால் ஆக்சிலேட்டரை வேகமாக மிதிப்பதுதான் அவனுக்குத் தெரிந்த வித்தை. “ஏன்டா, கல்லு மேல ஏறப் போறியா, மோதிச் சாவப் போறியா?” என்றேன்.

“குவைத்து ரோட்டுல ஸ்டீரிங்கப் புடிச்சிக்கினே தூங்கலாம் மாமா. பேசாத, முன்னால நட.”

பாதி மலையில் வண்டி திணறியது. “பெரிய கம்பு பக்கத்துல சின்னதா ஒரு கம்பு கீதே, அது எதுக்குடா?” என்று ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டான். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் கம்பு அது. அதுவரை அவன் அதைத் தொடவேயில்லை.

பழக்கூடைகளோடு இறங்கும்போது ஓடைக்கரையில் ஒரு கல் அசைந்தது. தோப்பில் தெலுங்குக்காரர்களோடே இருந்து பழகியதால் பதறினால் எனக்குத் தெலுங்குதான் வரும். “ஆகு! ஆகு!” என்று கத்தினேன். நில் என்று அர்த்தம். இன்ஜின் இரைச்சலில் அவன் காதில் “ஆகும், ஆகும்” என்று விழுந்தது. தைரியமாக மிதித்தான். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. கூடைகள் பாதி ஓடையில் கவிழ்ந்தன.

“ஆகும்னு சொன்னியே மாமா!”

“நிக்கச் சொன்னேன்டா, பாவி!”

“அத்தத் தமிழ்ல சொன்னா வாய் வலிக்குமா உனுக்கு?”

பாரத்தை இறக்கினோம். சக்கரத்துக்கு அடியில் கல் அடுக்கினோம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சின்னக் கம்பைப் போட்டு, நத்தை மாதிரி பின்னால் எடுத்தான். மிதிக்காமல் அவன் ஒரு கல்லைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

சித்தூரில் அடிபட்ட பழங்களைப் பார்த்துச் சூப்பர்வைசர் முகம் சுளித்தார். ஏழுமலை விடவில்லை. “எப்படியும் நசுக்கத்தான போறீங்க சார்? பாதி வேலைய நாங்களே முடிச்சிக்கினு வந்துட்டோம்.” அவர் சிரித்துவிட்டார். “நாளையிலேர்ந்து முழுப் பழமா கொண்டா, போ.”

விமானம் கிளம்பும் நாளும் வந்தது. அன்று நாங்கள் காலி வண்டியோடு மலை ஏறிக்கொண்டிருந்தோம். சமதரையாக இருந்த ஓர் இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே இறங்கினான். “நீ ஓட்டு மாமா” என்றான்.

“எனுக்கு மாட்டுவண்டியே ஓட்டத் தெரியாதேடா! வேலைக்கு நேரமாவலியா?”

“நான் எங்கியும் போவல மாமா. நேரம் கீது.”

அதற்குப் பிறகும் திருப்பதி, நாயுடுபேட்டை என்று ஓடிக்கொண்டேதான் இருந்தான். நேரம் இருக்கிறது என்று அவன் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். நான் ஓட்டியது பத்தடி இருக்கும். எனக்கு அது போதும். வண்டிக்கு முன்னால், முகத்தை என் பக்கம் வைத்துப் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, “வா மாமா, மெதுவா வா” என்று இரண்டு கையாலும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.