பள்ளத்துக்குள் மூச்சு

ஹீட்டருக்குப் பக்கத்தில் கிடந்து சூடேறிய நீல ரப்பர் பாயில் ஒரு புளித்த வாசனை இருக்கும். ஜேர்மனியில், கொலோன் நகரத்து எங்கள் வீட்டு வரவேற்பறையில் அந்தப் பாயை விரித்து நான் ஒருக்களித்துப் படுத்ததும் அது மூக்கில் ஏறும். அடுத்து அம்மாவின் குளிர்ந்த கை என் இடது விலாவில் வந்து அமரும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், என் வலது தோள் உயர்ந்து நிற்பதை நீச்சல் வகுப்பு ஆசிரியை கண்டுபிடித்தார். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைகிறது என்றார் மருத்துவர். வளர்ந்து முடியும்வரை, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் "கோர்செட்" ஒன்றைப் பகலும் இரவும் அணியவேண்டும், நாள்தோறும் பயிற்சி செய்யவேண்டும், இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படாமல் போகலாம் என்றார். அப்பா அறைவாசலில் ஒரு இரும்புக் கம்பி பொருத்தினார். அதில் தொங்கி முதுகை நீட்டுவேன். பிறகு பாயில் படுத்து, வளைவினால் உள்வாங்கிப்போன பக்கத்துக்குள் மூச்சை இழுத்து நிரப்பவேண்டும். அந்தப் பக்கத்துக்கு அம்மா வைத்த பெயர் "பள்ளம்". "பள்ளத்துக்கை மூச்சை எடு, என்ரை கையைத் தள்ளு" என்பார்.

ஆனால் இதெல்லாம் வீட்டுக்குள்தான். "ஆருக்கும் சொல்லிப்போடாதை. நாளைக்கு உன்னைப் பொம்பிளை கேட்டு ஒருத்தரும் வரமாட்டினம்" என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். வாசல் மணியடித்தால் பாய் சோபாவுக்குக் கீழே போகும், கோர்செட் அலுமாரிக்குள் போகும், கம்பியில் ஒரு சேலை தொங்கி அது திரைச்சீலையாகிவிடும். பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், கோயில் என்று சனி ஞாயிறுகளில் எங்களுக்கு ஓயாத கொண்டாட்டம். அங்கெல்லாம் கோர்செட் இல்லாமல்தான் போவேன். இறுக்கம் விட்டதில் எனக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த குளிர்காலத்து "டெர்மினில்", முன்பதிவு செய்த சந்திப்பில், எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் முகத்தைச் சுளித்தார். வளைவு கூடியிருந்தது. எவ்வளவு நேரம் அணிகிறாய் என்று என்னைத்தான் கேட்டார். நான் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், உள்ளதைச் சொன்னேன், விருந்தாளிகள் வந்தால் கழற்றுவதையும் சேர்த்து. அம்மாவுக்கு அவ்வளவு டொச் விளங்காது என்று நினைத்திருந்தேன்; விளங்கியிருக்கிறது. இப்படியே போனால் கத்திதான் என்று மருத்துவர் சொன்னதும் விளங்கியிருக்கிறது. திரும்பும் டிராமில் அம்மா என் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்.

அந்த ஞாயிறு, டுசல்டோர்ஃபிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட தமக்கை, எனக்கு மாமி, சொல்லாமல் வந்துவிட்டார். ஊர்க்கதை முழுவதும் அவரிடம் போய்த்தான் வெளியே வரும். அப்பா கதவைத் திறந்தபோது நான் பாயில் கிடந்தேன். எழும்ப முயன்றேன், அம்மாவின் கை என்னை எழும்ப விடவில்லை.

"இருங்கோ அக்கா. பிள்ளைக்கு முதுகு வளைவு. பயிற்சி நடக்குது, முடிச்சிட்டு வாறன்."

சொல்லிக்கொண்டே அம்மா கையை என் விலாவில் இன்னும் அழுத்தினார்.

மாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார். "ஐயோ, பொம்பிளைப் பிள்ளையெல்லோ!" என்றார்.

"ஓம், அதுதான் நல்லா மூச்செடுக்கட்டும்" என்றார் அம்மா.

ஒரு கிழமைக்குள் கொலோன் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயிலில் என் சட்டைக்கு மேலால் கோர்செட்டைத் தட்டிப் பார்த்தவர்கள் உண்டு. "பாவம்" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னவர்களும் உண்டு. அன்றெல்லாம் வீட்டுக்கு வந்து அழுவேன். அம்மா பாயை விரிப்பார். பதினாறு வயதில் கோர்செட்டைக் கழற்றியபோது முதுகு நேராகிவிடவில்லை, ஆனால் வளைவு நின்றுவிட்டது. கத்தி வேண்டியிருக்கவில்லை.

இன்று நான் தனியாகத்தான் பயிற்சி செய்கிறேன், கைப்பேசித் திரையில் யாரோ ஒரு பெண் எண்ணிக்கை சொல்ல. அந்த வீட்டையும் விட்டாயிற்று. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், பாவாடை தாவணிக்கு மேலே பட்டாம்பூச்சிப் படம் போட்ட கோர்செட்டோடு ஒரு சிறுமி ஓடித்திரிந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் சாப்பாட்டைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"உனக்கும் ஒரு வடிவான படம் போட்டதாய் வாங்கியிருக்கலாம், என்ன?"