விடுமுறை நாளைக் கழித்தவர்

எங்கள் தையல் ஆலையில் சம்பளக் கணக்கு பார்ப்பவருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'கழித்தல்'. கூட்டல் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாதாம். எதிர் மேசையில் பில் பார்க்கிற எனக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. மனிதர் நல்லவர்தான். ஆனால் வருகைப் பதிவில் பத்து நிமிடம் குறைந்தால்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடிப்பார். அவ்வளவு சிரத்தையைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

சுதந்திர தினம் மாதிரியான கட்டாய விடுமுறை நாளுக்குச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும், அது சட்டம். சிலர் அதற்கு முதல் நாளும் சேர்த்து மட்டம் போட்டார்கள். மூன்று வருடங்களுக்கு முன் இவர் தானாகவே மேனேஜரிடம் போய், முதல் நாள் வராதவருக்கு விடுமுறை நாளையும் ஆப்சென்ட் ஆக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றினார்கள்.

"சட்டம் ஒத்துக்குமா?" என்று கேட்டேன்.

"யாருங்க கேக்கப் போறா?" என்றார். நானும் என் பில்லுக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த வருடம் அவருடைய தங்கை பேக்கிங்கில் சேர்ந்தாள். கணவன் இல்லாதவள், அவளுக்கு ஒரே மகள். மூன்று மாதத்தில் எழுபது சம்பள நாள் முடித்தவர்களின் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவக் காப்பீட்டுக்குப் போகும். அதில் பெயர் இருந்தால் குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிக் கவலையில்லை. போன மாதம் ஒரு கட்டாய விடுமுறைக்கு முதல் நாள், அந்தப் பிள்ளை மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. தங்கை அன்று வேலைக்கு வரவில்லை. மாதக் கடைசியில் பட்டியலின் நானூறு வரிகளோடு அவள் வரியையும் சரிபார்த்து அனுப்பியவர் கழித்தல்தான். வரிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

கட்டுப் போட்டும் எலும்பு சேரவில்லை. இந்த வாரமே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் குட்டையாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்றுக் காலை ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, காப்பீட்டுல என் பேரே இல்லையாம். அறுபத்தொம்பது நாள்தான் காட்டுதாம்."

அவர் பைலைத் திறந்து பார்த்தார். விடுமுறை நாளுக்கு நேரே ஆப்சென்ட் என்று இருந்தது. முகம் செத்துப்போனது. எழுந்து மேனேஜர் அறைக்கு ஓடினார், நானும் பின்னால் போனேன்.

"பட்டியல் போயிடுச்சே," என்றார் மேனேஜர். "உங்க தங்கச்சிக்கு மட்டும் திறந்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. எல்லாருக்கும் திறந்தா மூணு வருஷத்துக் கணக்கு வெளிய வரும்."

"சார், சட்டப்படி அது அவளுக்குச் சேர வேண்டிய நாள்."

"நீங்க எழுதிக் கொடுத்தப்பவும் அதே சட்டம்தானே இருந்துச்சு?"

அவர் திரும்பி வெளியே நடந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மேசைக்குத் திரும்புவதற்குள் மறுபடியும் போன் வந்துவிட்டது.

"ஒரே ஒரு நாள்தானே அண்ணே? நீதானே கணக்கு பாக்குறே, போட்டுடு. டாக்டர் பக்கத்துலதான் நிக்கிறாரு. போட்டாச்சுன்னு சொல்லிடவா?"

அவர் போனை என் பக்கம் நீட்டினார். நானும் வாங்கவில்லை.

"அண்ணே, சொல்லிடவா?"