கற்பூரச் சட்டை

அலுமாரியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் பூச்சி உருண்டை வாசம்... இன்றும் எங்கே அடித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். என் மனைவி செல்விக்குக் கோபம் வரும்.

கல்யாணம் முடிந்து மஹய்யாவையில் குடியேறிய புதிது. தன் ஊரான கலஹாவிலிருந்து செல்வி கொண்டு வந்ததில் ஒரு சிவப்புக் கம்பளி ஸ்வெட்டர் என்றால் அவளுக்கு உயிர். குவைத்துக்கு வேலைக்குப் போகும் முன் அவளுடைய அக்கா தன் கையால் பின்னிக் கொடுத்தது.

"அக்கா திரும்பி வர்ற அன்னைக்கு இதப் போட்டுக்கிட்டுத்தான் ஏர்போட்டுக்குப் போவேன்" என்பாள்.

அதுவரை சட்டை தாங்க வேண்டுமே! பச்சைத் தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு அலசுவாள். முறுக்கிப் பிழிய மாட்டாள். கொடியில் போட்டால் கை இழுபட்டு நீளுமாம், துவாயில் விரித்து நிழலில் காய வைப்பாள். எனக்குக்கூட அந்தக் கவனிப்புக் கிடைத்ததில்லை.

அப்படியிருந்தும் ஒரு மழைக்காலத்தில் பூச்சி அரித்து, கழுத்தோரம் ஓட்டை. அன்று செல்வி சாப்பிடவே இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் வேலை செய்த புடவைக் கடையில் சோமா அக்கா என்று ஒருவர். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். விஷயத்தைச் சொன்னேன்.

"கபுரு போல வாங்கிப் போடுங்க தம்பி. பூச்சி கிட்ட வராது."

சிங்களத்தில் 'போல' என்றால் உருண்டை; பூச்சி உருண்டையைத்தான் சொன்னார். ஒரு பெட்டி வாங்கி வந்தேன். செல்வி ஓட்டையை இழுத்துத் தைத்து முடித்ததும், நாலைந்தைத் துணியில் முடிந்து ஸ்வெட்டருக்குள் வைத்தேன். மீதிப் பெட்டி மேல்தட்டில்.

வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கேற்றிவிட்டுப் பார்த்தால் கற்பூரம் தீர்ந்திருந்தது. அலுமாரியைக் குடைந்த செல்வியின் கையில் அந்தப் பெட்டி. அவளுக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

"க... பு... ரு... அட, கற்பூரம் இங்கயா இருக்கு?"

தட்டில் வைத்துப் பற்றவும் வைத்துவிட்டாள்!

கரும்புகை... சாமிக்கே கண் எரிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். நான் இருமிக்கொண்டே சொன்னேன்:

"அது கற்பூரம் இல்ல செல்வி. கற்பூரம் 'போல'!"

அன்றைக்கு எனக்கு ஆறிப்போன சோறுதான். ஸ்வெட்டருக்குக் கற்பூரச் சட்டை என்ற பெயரும் அன்றுதான் வந்தது.

சில வருடம் கழித்துக் குவைத்திலிருந்து செல்வியின் அக்கா வந்தார். கட்டுநாயக்கா விமான நிலைய வெயிலில், சொன்னபடியே, கம்பளி ஸ்வெட்டரோடு வியர்த்து வழிய நின்றாள் செல்வி. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்கா ஓடி வந்து கட்டிப்பிடித்தார்... உடனே மூக்கைச் சுளித்தார்.

"என்னடி, பூச்சி உருண்டையில குளிச்சிட்டா வந்த?"

அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது.

இப்போது கடைகளில் பூ வாசத்தோடு அழகழகான பைகள் விற்கிறார்கள். அக்காவும் கலஹாவில்தான் இருக்கிறார். பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனாலும் எல்லாம் வீடியோ கோலில்தான். "சட்டை இருக்காடி?" என்று கேட்பார். செல்வி எடுத்து போனுக்கு முன்னால் பிடிப்பாள்.

அங்கே அக்கா மூக்கைப் பொத்திக்கொள்வார்.