கிளாவரைக்கு முந்தைய வளைவு

கிளாவரை மலைக்கிராமத்துக்குப் போகும் பேருந்து மூடுபனிக்குள் ஊர்ந்து போகிறது. முன் இருக்கையில் அட்டுவம்பட்டியில் ஏறிய பெண். தோட்டத்து வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். மகளின் போனுக்கு டவர் இல்லை. தோட்டத்தின் பெயரைச் சொல்கிறார்; எங்கே இறங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை வாட்டி போயிருக்கீங்கக்கா, எடம் தெரியலையா?" என்கிறார் நடத்துநர்.

"வீட்டுக்காரரு பைக்குல பின்னாடி உக்காந்து போவேங்க. அவரு முதுகுதான் தெரியும், ரோடு எங்க தெரிஞ்சது?"

கணவர் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாராம்.

"பொம்பளைகளுக்குக் கெழக்கு மேக்கு எங்க தெரியுது!" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரிக்கிறார். வழியில் வரும் பாலம் தாண்டித்தான் அந்தத் தோட்டம் என்கிறார். பக்கத்தில் இருப்பவர், பாலத்துக்கு முன்னாலேயே என்று அடித்துச் சொல்கிறார். இருவர் குரலிலும் சந்தேகமே இல்லை.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொள்கிறார். ஒரு வளைவில் பேருந்து சாய்ந்ததும், தோளைப் பற்றுவதுபோல் முன்கம்பியை இறுக்கிப் பிடிக்கிறார்.

"இங்கதாங்க. இங்கதான் அவரைப் பிடிச்சுக்குவேன்."

இறங்கிவிடுகிறார். வெளியே விளக்கோ வீடோ தெரியவில்லை. பேருந்து நகர்கிறது. அடுத்த வளைவிலும் அதேபோல் சாய்கிறது.